முதல் குறும்புப் பீஸ்: பியானோ புதியவர்கள் ஷூமானின் ‘வைல்டு ஹார்ஸ்மேன்’ கற்று மேடையில் வாசிக்க ஒரு வழிகாட்டி

பியானோ வகுப்பில் சேர்ந்து ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆகியிருக்கும். ஐந்து விரல் பயிற்சிகள், இரண்டு கையும் சேர்ந்து வரும் சின்ன மெட்டுகள், சி மேஜர், ஜி மேஜர், ஏ மைனர் ஸ்கேல் எல்லாம் ஓரளவு கைக்கு வந்திருக்கும். அப்போதுதான் மிஸ் சொல்வார்: “ஆண்டு விழாவுக்கு ஜாலியா ஒரு பீஸ் எடுத்துக்கலாமே.” பீஸ் என்றால் தனியாக வாசிக்கும் ஒரு சிறு இசைப் படைப்பு. அங்கிருந்து தொடங்கும் குழப்பம். எந்தப் பதிப்பு வாங்குவது, வீட்டிலிருக்கும் கீபோர்டு போதுமா, எத்தனை வாரம் பிடிக்கும், மேடையில் நின்றுபோனால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றையும் நாலு பேரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. நானும் என் மகளும் ஒரே பீஸை ஒன்றாகக் கற்றோம். தாள் தேடுவதில் ஆரம்பித்து ஹாலில் நாற்காலி உயரம் சரிசெய்வது வரை எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறித்தான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் பீஸ் ‘வைல்டு ஹார்ஸ்மேன்’, ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் 1848-இல் இளையவர்களுக்காக எழுதிய ஆல்பத்தில் எட்டாவது. மரக்குதிரை ஏறி வீட்டுக்குள் ஓடி, மேசையிலும் நாற்காலியிலும் முட்டிக்கொள்ளும் சிறுவன் என்றுதான் ஆசிரியர்கள் பலரும் இதைக் குழந்தைகளுக்கு விளக்குவார்கள். வேறு குறும்புப் பீஸ் எடுத்திருந்தாலும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி பீஸில் குறும்பு வேகத்தில் இல்லை. சுரம் எவ்வளவு குட்டையாக இருக்கிறது, முட்டல் (திடீர் அழுத்தம்) எங்கே விழுகிறது, எந்தக் கை மெட்டைப் பாடுகிறது என்பதில்தான் இருக்கிறது. இது புரியாமல் வேகத்தைத் துரத்தினால், பயிற்சிக்கு நான் கணக்கு வைக்கும் எட்டு வாரமும் வீண்.

1. எந்தப் பீஸ் என்பதை உறுதி செய்யுங்கள்

ஓபஸ் 68, எண் 8. ஓபஸ் என்பது இசையமைப்பாளரின் படைப்புக்குக் கொடுக்கும் வரிசை எண். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பதிப்புகளில் ‘வைல்டு ஹார்ஸ்மேன்’, ‘வைல்டு ரைடர்’ என்று வெவ்வேறு தலைப்பில் வரும். ஜெர்மன் பதிப்பில் ‘வில்டர் ரைட்டர்’. பெயரை வைத்துத் தேடினால் வேறு எதையாவது எடுத்துவிட வாய்ப்பு உண்டு, ஓபஸ் எண் ஏமாற்றாது.

இன்னொரு கண்ணி, எளிமையாக்கப்பட்ட வடிவங்கள். ஆரம்பநிலைப் புத்தகங்கள் சிலவற்றில் இதே பீஸை நடுப்பகுதியை வெட்டி, ஸ்ருதியை மாற்றிக் குட்டியாக்கிப் போட்டிருப்பார்கள். பழகிக்கொள்ள அது தப்பில்லை. ஆனால் மேடைக்கு மூலத்தை வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் கலக்காதீர்கள், ஒன்றில் பழகிய விரல் மற்றொன்றில் தடுக்கும். உங்கள் தாளில் 24 பார் (செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாளக் கட்டங்கள்) இருக்கிறதா, முதல் எட்டு பாரில் மெட்டு வலது கையிலும் அடுத்த எட்டில் இடது கையிலும் வருகிறதா என்று பாருங்கள். இருந்தால் அது மூலம்.

ஓபஸ் எண்ணை மட்டும் நம்பினாலும் ஓரிடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ‘ஓபஸ் 39, குழந்தைகளுக்கான 24 பீஸ்’ என்று கேட்டால் இரண்டு புத்தகம் வரும். ஒன்று சாய்கோவ்ஸ்கி 1878-இல் எழுதியது, மற்றொன்று கபலேவ்ஸ்கியுடையது. இரண்டுமே ஓபஸ் 39, இரண்டிலுமே 24 பீஸ். கபலேவ்ஸ்கியின் ‘க்ளவுன்ஸ்’ குறும்புப் பீஸ் தேடுபவர்கள் அதிகம் கேட்பது. அதனால் ஆர்டர் கொடுக்கும்போது இசையமைப்பாளர் பெயர், ஓபஸ் எண், பீஸின் எண் மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.

2. தாள்: எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும்

ஷூமான் 1856-இல் இறந்துவிட்டார். அவர் எழுதியதற்குக் காப்புரிமை இல்லை. ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய இசைத்தாள் நூலகத்தில் பழைய பதிப்புகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உறுப்பினராக இல்லாவிட்டால் சில நொடி காத்திருக்கச் சொல்லும், அவ்வளவுதான், பணம் கேட்காது. அங்கே அவருடைய மனைவி கிளாரா ஷூமான் தொகுத்த பதிப்பும் கிடைக்கிறது. நான் அதைத்தான் பரிந்துரைப்பேன், பிற்காலத்தவர் சேர்த்த குறிகளின் நெரிசல் அதில் குறைவு.

பீஸ் ஒரே பக்கம். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கச் சில ரூபாய். ஸ்கேன் மங்கலாக இருந்தால் ஸ்டக்காட்டோ புள்ளிகள் (சுரத்தைக் குட்டையாக வெட்டி வாசிக்கச் சொல்பவை) காணாமல் போய்விடும். இந்தப் பீஸின் உயிரே அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது. அதனால் பிரிண்ட் கையில் வந்ததும் திரையில் உள்ளதோடு ஒருமுறை ஒப்பிட்டு, விட்டுப்போன புள்ளிகளைப் பேனாவால் போட்டுவிடுங்கள். இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று கிறுக்க, மற்றது மேடைக்கு. மேடைப் பிரதியைக் கெட்டி அட்டையில் ஒட்டிவிட்டால் நல்லது. நம் ஊர் ஹால்களில் தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும், ஒற்றைத் தாள் இரண்டாவது பாரிலேயே பறந்து தரைக்குப் போகும்.

புத்தகமாக வேண்டும் என்றால் இறக்குமதிப் பதிப்புகள் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். ஆல்பத்தில் 43 பீஸ் இருக்கின்றன, முதல் 18 சிறியவர்களுக்கு, மற்றவை கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு. தொடர்ந்து படிக்கப் போகிறீர்கள் என்றால் வாங்கலாம். இந்த ஒரு பீஸுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

கபலேவ்ஸ்கி எடுத்திருந்தால் கணக்கு வேறு. அவர் 1987-இல்தான் இறந்தார். இந்தியச் சட்டப்படி இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு காப்புரிமை உண்டு. அதனால் புத்தகம் வாங்கியே ஆக வேண்டும், தேர்வுக்கோ போட்டிக்கோ கொண்டுபோவதானால் கட்டாயம்.

3. கருவி: இருப்பது போதுமா?

வீட்டில் 61 கட்டை கீபோர்டு இருந்தால் இந்தப் பீஸுக்கு எண்ணிக்கை போதும். கவனிக்க வேண்டியது, மெதுவாக அழுத்தினால் மெல்லவும் வேகமாக அழுத்தினால் சத்தமாகவும் ஒலிக்கிறதா என்பதைத்தான். இதை ‘டச் ரெஸ்பான்ஸ்’ என்பார்கள். பல கீபோர்டுகளில் அமைப்பில் அது அணைந்தே கிடக்கும், மெனுவில் போய் இயக்க வேண்டும். விலை மலிவான மாடல்கள் சிலவற்றில் அந்த வசதியே இருக்காது. அதில் இந்தப் பீஸின் முட்டல்களைக் கற்கவே முடியாது, எல்லாச் சுரமும் ஒரே சத்தத்தில்தான் வரும்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், டச் ரெஸ்பான்ஸ் உள்ள 61 கட்டை கீபோர்டு சுமார் 10,000 ரூபாயிலிருந்து 15,000 வரை. எடையுள்ள, அதாவது நிஜப் பியானோ போல அழுத்தக் கனமான, 88 கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோ என்றால் 40,000-ஐ ஒட்டித் தொடங்கும். இந்த ஒரு விழாவுக்காக டிஜிட்டல் பியானோ வாங்க வேண்டாம். ஆனால் ஹாலில் இருப்பது நிஜப் பியானோ என்றால், விழாவுக்கு முந்தைய மூன்று வாரமாவது வாரம் ஒருமுறை எடையுள்ள கட்டையில் வாசித்துப் பார்க்க வழி செய்யுங்கள். வகுப்பில் இருக்கும் பியானோவை அரை மணி நேரம் முன்னதாக வந்து பயன்படுத்திக்கொள்ளட்டுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கீபோர்டில் லேசாகத் தட்டிப் பழகிய பிள்ளைக்கு நிஜப் பியானோவில் பாதிச் சுரம் ஒலிக்கவே ஒலிக்காது. விழா அன்றுதான் இது தெரியவந்தால் அழுகைதான்.

இருக்கைக்கும் கொஞ்சம் செலவு செய்யலாம். உட்கார்ந்தால் முழங்கை கட்டையின் உயரத்தில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி பெரும்பாலும் பிள்ளைகளுக்குத் தாழ்வாக இருக்கும், மடித்த போர்வை போட்டால் போதும். கால் தரையில் எட்டாவிட்டால் கீழே ஒரு மணை வையுங்கள். கால் தொங்கினால் உடல் ஆடும், உடல் ஆடினால் ஸ்டக்காட்டோ குளறும்.

4. கை வைப்பதற்கு முன் தாளைப் படியுங்கள்

முதல் நாள் கட்டையைத் தொடவே வேண்டாம். பென்சிலை எடுங்கள்.

பீஸ் மூன்று துண்டு. முதல் எட்டு பார், ஏ மைனர், மெட்டு வலது கை. நடு எட்டு பார், எஃப் மேஜர், அதே மாதிரி மெட்டு இடது கை. கடைசி எட்டு, மறுபடியும் முதல் பகுதி. மூன்றின் தொடக்கத்திலும் க, ச, க என்று பெரிதாக எழுதுங்கள். முதலும் கடைசியும் ஒன்று என்பதால், நீங்கள் உண்மையில் கற்க வேண்டியது 16 பார்தான். இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

தாளம் ஒரு பாருக்கு ஆறு க்வேவர் (சிறு தட்டு), அதாவது மூன்று மூன்றாக இரண்டு துடிப்பு. “ஒன், டூ, த்ரீ, ஃபோர், ஃபைவ், சிக்ஸ்” என்று எண்ணச் சொல்வார்கள். ஆறும் ஒரே எடையில் விழுந்துவிடுகிறது என்பதுதான் அதில் சிக்கல். எங்களுக்குக் கைகொடுத்தது “தகிட தகிட”. ‘த’வில் மட்டும் அழுத்தம், ‘கிட’ லேசு. கொன்னக்கோல் (வாயால் சொல்லும் தாளச் சொற்கட்டு) கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம், மற்றவர்களுக்கும் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். தொடையில் தட்டிக்கொண்டே முழுப் பீஸையும் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் எடுப்பு. பீஸ் முதல் ‘த’வில் தொடங்காது. அதற்கு முந்தைய கடைசி ‘ட’வில், ஒற்றை க்வேவராகத் தொடங்கும். அந்த முதல் சுரத்தைக் கனமாகத் தட்டிவிட்டால் தாளம் முழுவதும் ஒரு தட்டு தள்ளிக் கேட்கும், வாசிப்பவருக்கே தெரியாது. மனத்துக்குள் “தகிட தகி” என்று சொல்லி, ‘ட’வில் லேசாகத் தொட்டு, அடுத்த ‘த’வில் இறங்க வேண்டும். இதை மட்டும் முதல் வாரம் முழுக்கச் செய்தாலும் தகும்.

ஷார்ப், ஃப்ளாட் குறிகளை எல்லாம் வட்டமிடுங்கள். ஏ மைனர் பகுதியில் ஜி ஷார்ப் கட்டாயம் தவறும் இடம். விரல் எண்ணையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு மாறும், மிஸ்ஸுடன் உட்கார்ந்து உங்கள் கைக்கு ஏற்றதை எழுதி, அதன்பின் மாற்றாதீர்கள். நாலாவது வாரத்தில் விரல் மாற்றுவதைப் போல நேரத்தை விழுங்குவது வேறில்லை.

5. தனித்தனிக் கை: முதல் மூன்று வாரம்

தினமும் 20 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட இது பல மடங்கு மேல்.

நடுப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் முதல் எட்டு பாரிலிருந்து தொடங்குவார்கள், அதனால் முதல் எட்டு மட்டும் நூறு தடவை பழகியிருக்கும், நடு எட்டு அரைகுறையாக நிற்கும். மேடையில் உடைவதும் அங்கேதான். இடது கை மெட்டு வாசிக்கப் பழகாத கை. அதற்கு முதல் வாரத்தை முழுதாகக் கொடுங்கள்.

மெட்டு உடைத்துப் போட்ட கார்டுகளால் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களால்) ஆனது. தொடக்கத்தில் ஏ, சி, இ என்று ஏ மைனர் கார்டின் சுரங்கள் மேலே ஏறுவதைப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு சுரமாகத் தேடாதீர்கள். முதலில் அந்தச் சுரங்களைச் சேர்த்து ஒரே கார்டாக அழுத்திப் பாருங்கள், கை அந்த வடிவத்தில் விரியட்டும், பிறகு உடைத்து வாசியுங்கள். கண்ணை மூடிக்கொண்டும் வரும்.

ஸ்டக்காட்டோ பற்றி ஒன்று. புதியவர்கள் ஸ்டக்காட்டோ என்றாலே கட்டையை அடிப்பார்கள். கை ஒரு சாண் மேலே எகிறும். அது தேவையில்லை, கெடுதலும்கூட. மெதுவான வேகத்தில் பார்க்கச் சரியாகத் தெரியும், வேகம் கூடியதும் அவ்வளவு தூரம் போய் வரக் கைக்கு நேரம் இருக்காது. விரல் நுனி கட்டையின் மேலேயே இருக்கட்டும், அழுத்தியதும் உள்ளங்கைப் பக்கமாக லேசாகச் சுரண்டி விடுங்கள். மணிக்கட்டு இளகியிருக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் கைக்கும் கட்டைக்கும் இடையே ஒரு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி பார்க்கக் கூடாது. இதைச் சரிபார்க்கக் கைப்பேசியைக் கட்டையின் மட்டத்தில் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுங்கள். காதுக்குத் தெரியாதது அதில் பளிச்சென்று தெரியும்.

துணைக் கை வாசிப்பவை குட்டிக் கார்டுகள், நடுவே ஓய்வுகள். ஓய்வு என்றால் சும்மா இருக்கும் நேரம் என்று எண்ண வேண்டாம். அந்த ஓய்வில் விரல்கள் அடுத்த கார்டின் மேல் போய் உட்கார்ந்துவிட வேண்டும், அழுத்தக் கூடாது. ‘போய் உட்கார், காத்திரு, தட்டு’ என்று சொல்லிக்கொண்டே பழகினால் கார்டு தவறுவது பாதியாகக் குறையும்.

6. சேர்த்து வாசித்தல்: நான்கு, ஐந்தாம் வாரம்

ஒரு கை மட்டும் ஒலிக்க, மற்றக் கை தொடையில் தட்ட வேண்டும். இரண்டு நாள் இப்படி, அப்புறம் இரண்டும் கட்டையில்.

மெட்டு பாடுகிற கை முன்னால் கேட்க வேண்டும், துணைக் கை பின்னால். வலது கை மெட்டு வாசிக்கும்போது இது தானாகவே ஓரளவு வந்துவிடும். நடுப் பகுதியில் வலது கை கார்டுகளை அடித்துத் துவைத்துவிடும், இடது கையின் மெட்டு அடியில் புதைந்துபோகும். வலது கை கார்டுகளைச் சத்தமே வராத அளவுக்குத் தொட்டு மட்டும் பார்த்து, இடது கையை முழுக் குரலில் வாசித்துப் பழகுங்கள். அதன்பின் வலது கையை ஒரு துளி மட்டும் கூட்டுங்கள். அந்த ஒரு துளியே போதும்.

ஒட்டு விழும் இடங்கள் இரண்டு. முதல் பகுதி முடிந்து நடுப் பகுதி தொடங்கும் இடம், நடுப் பகுதி முடிந்து மீண்டும் முதல் பகுதி வரும் இடம். இரண்டிலும் மெட்டு கை மாறுகிறது, எடுப்புச் சுரத்துக்குப் புதிய கை தயாராக வேண்டும். ஒட்டுக்கு முன்னால் ஒரு பார், பின்னால் ஒரு பார், இந்த இரண்டை மட்டும் தனியாக எடுத்துச் சுற்றிச் சுற்றி வாசியுங்கள். முழுப் பீஸையும் தொடக்கத்திலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தால் இந்த இடம் நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும்.

வேகத்துக்கு மெட்ரோனோம், சீராக டிக் அடித்து வேகம் காட்டும் கருவி. கைப்பேசிச் செயலி இலவசம். ‘த’வுக்கு ஒரு டிக் என்று வைத்து, நிமிடத்துக்கு 50 டிக்கில் தொடங்குங்கள். தொடர்ந்து மூன்று முறை பிசகில்லாமல் வந்தால் மட்டும் நாலு கூட்டுங்கள், பிசகினால் எட்டு குறையுங்கள். பிள்ளைகள் 90 தொட்டாலே மேடைக்குப் போதும் என்பது என் எண்ணம். 96-இல், ரிப்பீட்டுகளோடு, சுமார் ஒரு நிமிடம் வரும். யூடியூபில் பறக்கவிடும் பதிவுகளைப் பார்த்து அந்த வேகத்துக்கு ஆசைப்பட வேண்டாம். 90-இல் தெளிவாகக் கேட்கும் ஸ்டக்காட்டோ, 120-இல் குளறும் ஸ்டக்காட்டோவைவிட எவ்வளவோ குதூகலமாக ஒலிக்கும்.

பெடல் வேண்டாம். மிதித்தால் குட்டைச் சுரமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழக்கதோஷத்தில் கால் போகும் என்றால் இரண்டு காலையும் பின்னால் இழுத்து வையுங்கள்.

7. குறும்பைக் கொண்டுவருதல்

சுரம் சரி, தாளம் சரி, ஆனால் கேட்பவர் முகத்தில் ஒன்றும் நிகழவில்லை என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போய்விட்டீர்கள் என்று பொருள். பெரும்பாலான வகுப்புகளில் நேரம் போதாமல் விடுபடுவதும் இதுதான்.

தாளில் சில சுரங்களுக்கு அருகே ‘எஸ்எஃப்’ என்று இருக்கும். ஸ்ஃபோர்சாண்டோ, திடீர் அழுத்தம். குதிரை மேசையில் முட்டுவது அங்கேதான். அழுத்தம் விரலிலிருந்து வரக் கூடாது, தோளிலிருந்து முழுக் கையும் ஒருகணம் இறங்க வேண்டும், உடனே இளக வேண்டும். சிக்கல் அடுத்த சுரத்தில். முட்டலின் வேகத்தில் அதற்குப் பிறகு வரும் இரண்டு மூன்று சுரங்களும் சத்தமாகிவிடும். அப்புறம் முட்டல் எது, ஓட்டம் எது என்று தெரியாது. முட்டலுக்கு அடுத்த சுரத்தை வேண்டுமென்றே மிக மெல்ல வாசித்துப் பழகுங்கள். முட்டிவிட்டு ‘நான் இல்லை’ என்று நழுவும் பிள்ளையின் முகம் அந்தச் சுரத்தில்தான் இருக்கிறது.

கதையை பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். நாம் எழுதிக் கொடுக்க வேண்டாம். முதல் பகுதியில் குதிரை எந்த அறையில் ஓடுகிறது? எதில் முட்டியது? நடுப் பகுதி மேஜருக்கு மாறிக் கீழே இறங்குகிறதே, அங்கே என்ன ஆயிற்று? என் மகள், தாத்தா எழுந்து வந்து ‘நானும் ஏறுகிறேன்’ என்கிறார் என்றாள். அதற்குப் பிறகு இடது கையை மெல்ல வாசி, கனமாக வாசி என்று ஒருமுறைகூட நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாத்தாவுக்கு வேண்டிய கனம் தானாக வந்தது. கடைசிப் பகுதியில் மறுபடி யார் ஓடுகிறார்கள், முதல் முறையைவிடத் துணிச்சலாகவா பயந்துகொண்டா என்று முடிவு செய்தால், ஒரே எட்டு பார் இரண்டு விதமாக ஒலிக்கும்.

பெரியவர்கள் கற்பதாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் கதை இல்லாமல் வாசித்தால் பயிற்சிப் பாடம் மாதிரிதான் கேட்கும்.

முடிவில் வேகத்தைக் குறைக்காதீர்கள். தாளில் கேட்டிருந்தால் ஒழிய, கடைசிச் சுரமும் குட்டையாக, அதே வேகத்தில் விழ வேண்டும். அது விழுந்ததும் கையை எடுத்து ஒரு கணம் அசையாமல் இருங்கள், பிறகு மடிக்குக் கொண்டுபோங்கள். பலர் கடைசிச் சுரம் அடங்குவதற்குள் எழுந்துவிடுகிறார்கள்.

8. மனப்பாடமும், நின்றுபோனால் செய்ய வேண்டியதும்

மனப்பாடம் கட்டாயமா என்று விழா நடத்துபவரிடம் முன்பே கேளுங்கள். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் போன்ற தேர்வு அமைப்புகள் படிநிலையாக நடத்தும் கிரேடு தேர்வுகளில் தாள் வைத்து வாசிக்கலாம். மாணவர் விழாக்களில் சில ஆசிரியர்கள் மனப்பாடம் கேட்பார்கள்.

எப்படியானாலும் மூன்று தொடக்கப் புள்ளிகளைப் பழக்குங்கள். க, ச, கடைசி க. “ச-விலிருந்து” என்று யாராவது திடீரென்று சொன்னால், யோசிக்காமல் அங்கிருந்து தொடங்க வர வேண்டும். மேடையில் தடுக்கினால் திரும்பப் போகக் கூடாது, அடுத்த புள்ளிக்குத் தாவ வேண்டும். தொடக்கத்துக்குத் திரும்பினால் அதே இடத்தில் மறுபடி தடுக்கும். விரல் நினைவு அப்படித்தான் வேலை செய்யும். இரண்டு பார் விடுபட்டது சபையில் ஆசிரியரைத் தவிர யாருக்கும் தெரியாது. நிறுத்தித் திரும்பியது எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் ஒருவர் வேண்டுமென்றே இடைஞ்சல் செய்ய வேண்டும். குக்கர் விசில் அடிக்கட்டும், கைப்பேசி ஒலிக்கட்டும், அதற்கு நடுவே நிறுத்தாமல் முடிக்க வேண்டும். ஆறாவது வாரத்திலிருந்து தினமும் ஒருமுறை இப்படி வாசியுங்கள்.

9. கடைசி இரண்டு வாரமும் விழா நாளும்

புதிதாக எதுவும் கற்காதீர்கள். தினமும் ஒருமுறை முழு வேகம், இரண்டு முறை மெது வேகம், போதும். முழு வேகத்தில் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தால் விழாவுக்குள் பீஸ் தேய்ந்துவிடும்.

ஹாலைப் பற்றி ஒரு வாரம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பியானோவா கீபோர்டா? கீபோர்டு என்றால் டச் ரெஸ்பான்ஸ் இயங்குகிறதா, ஸ்டாண்டு ஆடாமல் நிற்கிறதா? இருக்கையின் உயரத்தை மாற்ற முடியுமா? ஒத்திகைக்கு நேரம் உண்டா? ஒரு விழாவில் கீபோர்டு ஸ்ட்ரிங்ஸ் ஒலியில் வைக்கப்பட்டிருந்ததை, முதல் பிள்ளை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் எல்லோரும் கவனித்தோம். ஏற்பாட்டாளரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பையில் வைக்க வேண்டியவை: அட்டையில் ஒட்டிய தாள், இரண்டு கிளிப், உட்கார மடித்த துணி, காலுக்கு மணை, கை துடைக்கக் கைக்குட்டை. உடையில் கை நீளமாகத் தொங்கக் கூடாது, வளையல் வேண்டாம், பட்டுப் பாவாடை என்றால் அதே பாவாடையோடு வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து வாசித்துப் பார்க்க வேண்டும், இருக்கையில் வழுக்கும். விரல் நகம் முந்தைய நாளே வெட்டிவிடுங்கள், நகம் இருந்தால் கட்டையில் டக்டக் என்று கேட்கும்.

மேடையேறியதும் அவசரம் வேண்டாம். வணங்கி, உட்கார்ந்து, உயரம் சரிசெய்து, கையை மடியில் வைக்க வேண்டும். மனத்துக்குள் முதல் இரண்டு பாரைச் சரியான வேகத்தில் பாடி, “தகிட தகி” என்று எண்ணி, ‘ட’வில் தொட வேண்டும். மேடையில் நெஞ்சு படபடக்கும்போது எல்லாருக்குமே வேகம் கூடும். எனவே பாடிப் பார்க்கும் வேகத்தைப் பயிற்சி வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகவே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

10. இதையே தேர்வுக்குக் கொண்டுபோகலாமா?

விழா முடிந்ததும் பெற்றோர் பலரும் கேட்பது இதுதான். பீஸின் கடினம் கிரேடு 2, 3 அளவில் இருக்கிறது என்பதால் மட்டும் தேர்வில் வாசித்துவிட முடியாது. டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இரண்டிலும் நடப்புப் பாடத்திட்டத்தின் பட்டியல்களையும் விதிகளையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், பட்டியல்கள் அவ்வப்போது மாறும். பழைய மாணவர் ஒருவர் வாசித்தார் என்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். நடப்புப் பாடத்திட்டம் அந்தந்தத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

மதிப்பெண் முறை தெரிந்தால் எதற்கு உழைக்க வேண்டும் என்பது புரியும். டிரினிட்டியின் நேரடிக் கிரேடு தேர்வில் மொத்தம் 100. மூன்று பீஸ், ஒவ்வொன்றுக்கும் 22. அந்த 22-இல் சுரமும் ஓட்டமும் 7, கைத்திறன் 7, பீஸின் தன்மையைக் கேட்பவருக்குக் கொண்டுசேர்ப்பது 8. ஏழாவது படியில் சொன்ன குறும்புக்குத்தான் அதிக மதிப்பெண். தேர்ச்சிக்கு 60, மெரிட்டுக்கு 75, டிஸ்டிங்ஷனுக்கு 87. ஏபிஆர்எஸ்எம்மில் மொத்தம் 150, தேர்ச்சிக்கு 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. அதன் பெர்ஃபார்மன்ஸ் கிரேடில் நான்கு பீஸை ஒரே ஓட்டமாக, வெட்டாமல் ஒட்டாமல் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். ஸ்கேல், சைட் ரீடிங் (முன்பின் பார்க்காத தாளை உடனே வாசிப்பது) கிடையாது. வீட்டுக்கு வெளியே பழ வண்டி ஒலிபெருக்கி, எதிர்வீட்டு நாய் எல்லாம் பதிவாகும் என்பதால் அதிகாலையில் எடுப்பது நல்லது. கைப்பேசியை ஃப்ளைட் மோடில் போட மறக்காதீர்கள், நான்காவது பீஸின் நடுவே அழைப்பு வந்தால் முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு, கிரேடுக்குக் கிரேடு மாறும். பதிவு நிலையத்திலோ ஆசிரியரிடமோ அந்த ஆண்டின் கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கட்டணத்தோடு சேர்த்து மேலதிகமாக ஏதாவது வாங்குகிறார்களா என்றும் ரசீதில் என்ன எழுதுவார்கள் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். கடைசித் தேதி தேர்வுக்குப் பல வாரம் முன்பே முடிந்துவிடும். எனவே பீஸ் கைக்கு வந்த பிறகு பதியலாம் என்று இருக்காமல், ஆறாவது வார அளவிலேயே முடிவெடுங்கள்.

படிவம் நிரப்பும்போது பெயரில் கவனம் வேண்டும். நம் பெயர்களில் இனிஷியல் முன்னால் வரும், பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து பின்னால் வரும். படிவத்தில் எழுதியது அப்படியே சான்றிதழில் அச்சாகும். பிள்ளைக்குப் பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளபடி, இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுதுங்கள். ஆசிரியர் தன் கணினியில் மொத்தமாகப் பதிவதாக இருந்தால், எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதிக் கொடுத்து, அனுப்புவதற்கு முன் திரையைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறவில்லை என்பதையும் அதே படத்தில் பார்த்துவிடலாம்.